எட்டாவது தொம்

“என் பாட்டை அணைச்சுப் போட்டாங்க, அம்மிணி.”

சென்னியப்பன் கண்ணாடிக் கடைக்குள் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கடைக்காரப் பெண் பூரான் திரும்பிப் பார்க்கவில்லை. பரிசோதனை நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்கில் ஒரு கனத்த இரும்புச் சட்டம். அதில் அவள் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கண்ணா. ஏனுங்க ஐயா, கடைசி வரி தெரியுதுங்களா?”

“தெரியுது. படிக்கத்தான் முடியல.”

“கண்ணைத் தேய்க்காதீங்க. டெஸ்ட் முடியறவரைக்கும் தேய்க்கக் கூடாது.”

சென்னியப்பன் உட்கார்ந்தார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. நாற்பத்துநாலு வயசு ஆளுக்குக் கண்ணாடிக் கடையில் அழுவது அவ்வளவு அழகில்லை என்பதால் சுவரில் இருந்த எழுத்துக்களைப் படித்தார்.

*

பூரானின் உண்மைப் பெயர் சிந்தாமணி. வயது இருபத்துநாலு. ஈரோட்டில் பகல் முழுக்க ஊராரின் கண்ணைப் பரிசோதிப்பாள்.

கடையை மூடியதும் மாடிக்குப் போவாள். அங்கே நாலு டிவி, எட்டு நாற்காலி. சண்டை கேம் ஆடுகிறவர்கள் கூடுகிற இடம். அங்கே அவளுக்குப் பெயர் பூரான். எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியாது. கடித்த பிறகுதான் தெரியும்.

அவளை ஜெயித்த ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு விரல் மிச்சம் இருக்கும்.

சென்னியப்பனுக்கு மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் வேலை. அது பிழைப்பு. வீட்டில் அவர் இசையமைப்பாளர்.

ஸ்டுடியோ என்று தனியாக எதுவும் இல்லை. படுக்கையறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மைக். எதிரொலி வராமல் பதிவு செய்ய வேண்டுமென்றால் மைக்கைப் பீரோவுக்குள் சேலைகளுக்கு நடுவே தொங்கவிடுவார். பருத்தியைவிடப் பட்டு நன்றாகச் சத்தத்தை உறிஞ்சுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அவர் மனைவி மரகதம் அதை ஒரு நியாயமாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு பட்டு கேட்டாள்.

எட்டு மாதமாக அந்தப் பீரோவில் ஒரு கேமுக்கு இசை வளர்ந்தது.

கேமின் பெயர் முச்சந்தி. கோயம்புத்தூரில் ரியாஸ் என்கிறவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து செய்தது. முச்சந்தியில் இரண்டு பேர் சண்டை போடுவார்கள். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி அடிப்பார். கண்டக்டர் தோள்பையைச் சுழற்றுவார். வளையல்காரி குதித்து வந்து உதைப்பாள். அவ்வளவுதான் கதை.

அதற்குத்தான் போன ஞாயிறு மாடியில் முதல் வெள்ளோட்டம் நடந்தது. ரியாஸே கேமைக் கொண்டுவந்து நடத்தினார். பதினாறு ஆட்டக்காரர்கள்.

மரகதம் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு நாத்தனார்களையும் கூட்டிவந்தாள்.

முதலில் உட்கார்ந்தவர் செட்டிங்ஸைத் திறந்தார். இசை அளவைப் பூஜ்யத்துக்கு இழுத்தார். ஆடினார்.

அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும்.

பதினாறு பேரில் பதினாறு பேர்.

ஒரு மணி நேரம் கழித்து மரகதம் மெல்லக் கேட்டாள். “ஏனுங்க, உங்க பாட்டு எப்பப் போடுவாங்க?”

*

பெரியவர் போனதும் பூரான் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“ரியாஸ் என்ன சொல்றாருங்கண்ணா?”

“நாலு வாரம் கழிச்சு இன்னொரு வெள்ளோட்டமாம். அப்பவும் அணைச்சாங்கன்னா சண்டைக்குப் பாட்டே வேண்டாம்னுட்டாரு. எல்லாரும் அணைக்கறதை எதுக்குச் சுமக்கணும்னு கேக்கறாரு. எட்டு மாசம், அம்மிணி. எட்டு மாசம்!”

“ம்.”

“பூரானைப் போய்க் கேளுங்க, அவ அணைக்காம ஆடுனா மத்தவங்களும் அணைக்க மாட்டாங்கன்னாரு. அதான் வந்தேன்.”

“அன்னைக்கு யாரு முதல்ல அணைச்சாங்க, பாத்தீங்களா?”

“கூட்டத்துல தெரியல.”

“நானுங்க.”

சென்னியப்பன் குனிந்து இப்போது செருப்பைக் கழற்றினார்.

“பாட்டு நல்லா இல்லீங்களா?”

“நல்லா இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்கு அணைச்சீங்க?”

அவள் பரிசோதனை நாற்காலியைக் காட்டினாள்.

உட்கார்ந்தார். அந்த இரும்புச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டினாள். இரண்டு பக்கமும் கறுப்பு மூடியைப் போட்டாள்.

“என்ன தெரியுது?”

“ஒண்ணுமே தெரியலீங்க.”

“என்ன கேக்குது?”

“ஃபேன் ஓடுது. வெளியே பஸ் ஒண்ணு நிக்குது. எதிர்க்கடையில யாரோ டீ ஆத்தறாங்க. உங்க கொலுசு.”

அவள் தன் போனை எடுத்து அவர் காதருகே வைத்தாள். அவருடைய பாட்டு ஓடியது. நாதஸ்வரம், உருமி, கீபோர்டு. எட்டு அடிக்கு ஒருமுறை தவிலில் ஒரு பெரிய தொம்.

அந்தத் தொம் அவருக்கு உயிர். மச்சானிடம் தவிலை இரவல் வாங்கிப் பீரோ கதவருகே வைத்து, கை வீங்குகிறவரை அடித்து, அறுபதாவது முறை கிடைத்தது. கண்ணை மூடியிருந்தாலும் முகம் மலர்ந்துவிட்டது.

“இப்ப என்ன கேக்குது?”

“என் பாட்டு!”

“ஃபேன்?”

“கேக்கலீங்க.”

முழங்காலில் சுளீரென்று ஒரு அடி. சென்னியப்பன் நாற்காலியோடு துள்ளினார்.

சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் பூரான் கையில் ஸ்கேலோடு நின்றாள்.

“நான் நடந்து வந்தது கேட்டுதுங்களா?”

“இல்லீங்க.”

“போயிட்டு வாங்கண்ணா.”

*

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சத்தம் அதிகம். அதுதானே? இதைச் சொல்ல ஸ்கேல் எதற்கு என்று வழியெல்லாம் முழங்காலைத் தடவிக்கொண்டே போனார்.

நாலே நாளில் புதிதாகச் செய்தார். உருமி இல்லை, தவில் இல்லை. ஒரு புல்லாங்குழல், பின்னால் மெல்ல வீணை.

கேட்டுவிட்டு மரகதம், “சாமி கும்பிடற மாதிரி இருக்குதுங்க” என்றாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கடைக்கு வந்து போட்டுக் காட்டினார். பூரான் ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். கண் சொட்டு விட்டுக்கொண்டு காத்திருந்த ஒரு அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார்.

“எப்படீங்க, அம்மிணி?”

“அருமையா இருக்குதுங்கண்ணா. இதையும் அணைப்பேன்.”

“ஏனுங்க!”

“ஒண்ணு கேக்கட்டுங்களா? முச்சந்தியில இதுவரைக்கும் எத்தனை சண்டை ஜெயிச்சிருப்பீங்க?”

“நானா? நான் எங்கீங்க அதெல்லாம் ஆடினேன்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“ஒரு தடவைகூட ஆடலீங்களா?”

“எனக்கெதுக்குங்க? ரியாஸ் சண்டை வீடியோ அனுப்புவாரு. அதைப் பாத்து மெட்டுப் போடுவேன்.”

“அந்த வீடியோவுல அடி விழற சத்தமெல்லாம் இருக்குங்களா?”

“அது எதுக்கு? பாட்டுக்கு இடைஞ்சல்னு நான்தான் சத்தம் இல்லாம அனுப்பச் சொன்னேன்.”

பூரான் சிரித்தாள். சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தூங்கின அம்மா எழுந்து யார் என்ன என்று கேட்டார்.

சென்னியப்பனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. திருவிழாவில் தொலைந்த குழந்தை அம்மா இடுப்பிலேயே இருந்ததைக் கண்டால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள்.

“சாயந்திரம் மாடிக்கு வாங்கண்ணா” என்றாள்.

*

சாயந்திரம் மாடியில், ரியாஸ் விட்டுப்போயிருந்த முச்சந்தியைப் போட்டு, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள். அவர் தலைகீழாகப் பிடித்தார். நேராகத் திருப்பிக் கொடுத்தாள்.

“என் பழைய பாட்டு ஓடட்டுமுங்க. புல்லாங்குழல் வேண்டாம், தவிலே இருக்கட்டும்” என்றார். தன் பாட்டுக்காவது தான் துணை நிற்க வேண்டாமா என்று ஒரு வீம்பு.

“ஓடட்டும்” என்றாள்.

அவர் பரோட்டா மாஸ்டர். அவள் கண்டக்டர்.

பதினோரு விநாடியில் பரோட்டா மாஸ்டர் மல்லாந்தார்.

“இப்ப என்னுங்க பண்றது?”

“மறுபடி ஆடுங்க.”

மறுநாள் வந்தார். தோற்றார். அதற்கு மறுநாளும் வந்தார். மீட்டர் பார்க்கிற வேலை முடிந்து நேராக வருவார். கால் மேல் கால் போட்டுக்கொண்டு அவள் அவரை அடிப்பாள். டீ குடித்துக்கொண்டே அடிப்பாள். ஒருநாள் போனில் அவள் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே அவரை அடித்தாள்.

“எப்படித் தடுக்கறதுன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்லீங்க?”

“கேளுங்க.”

“அதானுங்க கேக்கறேன்!”

“கேளுங்க” என்றாள் மறுபடியும். கீழே போய் இரும்புச் சட்டத்தை எடுத்துவந்து தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். இரண்டு பக்கமும் கறுப்பு மூடி. கண்ணே தெரியாது.

அப்படியே அவரை மூன்று ஆட்டம் ஜெயித்தாள்.

சென்னியப்பன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. “கண்ணைக் கட்டிட்டு அடிக்கறாங்க மரகதம், கண்ணைக் கட்டிட்டு” என்று மட்டும் சொன்னார். யார் எதற்கு அடிக்கிறார்கள் என்று அவள் பாவம் ரொம்ப நேரம் கவலைப்பட்டாள்.

*

பத்தாம் நாள் ஆடும்போது அது நடந்தது.

அவர் கொஞ்சம் தேறியிருந்தார். அன்றைக்கு அவளும் பரோட்டா மாஸ்டரை எடுத்திருந்தாள். மாவைத் தரையில் அறைந்துவிட்டு வீசுவாள். தரையில் விழும் அந்த அறைதான் எச்சரிக்கை. அது கேட்டதும் குனிந்து தடுத்தால் தப்பிக்கலாம் என்பது அவருக்கு எப்படியோ விரலில் ஏறியிருந்தது.

தொம்.

குனிந்து தடுத்தார்.

அடி வரவில்லை. அவள் எட்டவே நின்றிருந்தாள்.

நிமிர்ந்தார். மறுபடி தொம். மறுபடி குனிந்தார். அவள் அசையவே இல்லை. கொட்டாவி விட்டாள்.

நிமிர்ந்தார். ஏழு எண்ணுவதற்குள் தானாகவே விரல் பொத்தானுக்குப் போனது.

தொம்.

குனிந்தார். கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

“அது மாவு இல்லீங்க.”

“இல்லீங்க.”

“என் தவில்.”

“ஆமாங்கண்ணா.”

“உங்களுக்கும் இப்படித்தானுங்களா?”

“வெள்ளோட்டத்தன்னைக்குக் காலையில பழகிப் பாக்க ஒரு ஆட்டம் ஆடினேன். உங்க எட்டாவது அடியில அஞ்சு தடவை குனிஞ்சேன். ஆறாவது தடவை தொம்னு கேட்டுது, தவில்தானேன்னு சும்மா நின்னேன். நிசமாவே மாவு வந்து விழுந்துச்சு.”

“தோத்தீங்களா?”

“தோத்தனுங்க. அப்புறம் அணைச்சேன். அதைப் பாத்து மத்தவங்களும் அணைச்சாங்க.”

சென்னியப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. தான் வந்து முறையிட்ட முதல் நாளை நினைத்தார். என் பாட்டை அணைச்சுப் போட்டாங்க என்று எத்தனை ரோஷமாகச் சொன்னார்! வெட்கமாக இருந்தது. அறுபது முறை கை வீங்க அடித்து, நல்ல ஆட்டக்காரி ஒருத்தியைத் தோற்கடித்திருக்கிறார்.

“இன்னொரு ஆட்டம் போடலாமுங்களா?” என்றார்.

“போடலாம்.”

அவர் கை செட்டிங்ஸைத் திறந்தது. இசை அளவுக்குப் போனது. பூஜ்யத்துக்கு இழுத்தது.

இழுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

பூரான் ஆட்டத்தைத் தொடங்கினாள்.

முதல்முறையாக அவர் முச்சந்தியைக் கேட்டார். அவள் மாற்றி மாற்றி ஆட்களை எடுத்தாள். கண்டக்டர் பையைச் சுழற்றும் முன் உள்ளே சில்லறை குலுங்கியது. வளையல்காரி குதிக்கும் முன் வளையல் ஒருமுறை கலகலத்தது, இறங்கும்போது ஒருமுறை. மாவு காற்றில் வரும்போது ஒரு ஈரச் சத்தம். அடி விழாத இடத்தில் இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். அதற்கும்கூட ரியாஸ் ஒரு சத்தம் வைத்திருந்தார்!

“அம்மிணி, இதுவே ஒரு கச்சேரியா இல்லீங்க இருக்குது!”

“பேசாம தடுங்க.”

தடுத்தார். மூன்று அடியைத் தடுத்தார். நாற்பது விநாடி நின்றார். அப்புறம் தோற்றார்.

படியில் இறங்கிப் போனவரைப் பார்த்தால் ஜெயித்துவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது.

“நாளையிலிருந்து வராதீங்கண்ணா” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “வேலையைப் பாருங்க.”

*

வேலையைப் பார்த்தார். வேலை என்றால் அழிப்பதுதான்.

கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் சண்டை ஓடும். இப்போது சத்தத்தோடு. வளையல் குலுங்குகிற இடத்தில் தன் பாட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். கீபோர்டில் ஒரு சிணுங்கல் இருக்கும். அழிப்பார். சில்லறைக்குக் குறுக்கே உருமி இருக்கும். அழிப்பார். நாதஸ்வரத்தை அழிக்கும்போது கொஞ்சம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அழித்தார்.

மரகதம் பின்னால் நின்று பார்த்தாள்.

“ஏனுங்க, எட்டு மாசம் போட்டதை எட்டு நாள்ல இப்படித் தொடைக்கறீங்களே. மிச்சம் என்னதான் இருக்கும்?”

“இருக்கற இடத்துல இருக்கும்.”

அது என்ன பதில் என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கும் அப்போது முழுதாகப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் தாழ்வான ஒரு சுருதியும், நடக்கிற மாதிரி ஒரு தாளமும், மூச்சு வாங்குகிற இடங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிற ஒரு மெட்டும் மிஞ்சின.

எட்டாவது தொம் தனியாகக் கிடந்தது. எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார். குப்பையில் போட மட்டும் கை வரவில்லை. மூன்று முறை அழிக்கப் போனார். மூன்று முறையும் ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று கேட்டார். கேட்டால் எப்படி அழிப்பது?

வெள்ளோட்டத்துக்கு முதல் நாள் கடைக்கு ஓடினார்.

பூரான் வேலையாக இருந்தாள். நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். மூக்கில் இரும்புச் சட்டம்.

“அம்மிணி, எல்லாத்தையும் அழிச்சுட்டனுங்க. அந்த ஒரு அடியை அழிக்க மனசு வரல.”

“நான் அழிக்கச் சொன்னனுங்களா?”

“அப்ப அதை எங்க வைக்கட்டும்?”

அவள் டிரைவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இதுல தெளிவா இருக்குதா, இதுலயா?”

“முதல்ல போட்டது.”

டிரைவர் கை கண்ணுக்குப் போனது. அவள் பட்டென்று தட்டிவிட்டாள்.

“தேய்க்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

சென்னியப்பன் நின்றுகொண்டே இருந்தார். இடது கண் முடிந்தது. வலது கண் முடிந்தது. இரண்டும் சேர்த்து ஒருமுறை பார்த்தாயிற்று. அவள் சட்டத்தை மெதுவாகக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள்.

“முடிஞ்சுதுங்க. இப்பத் தேய்ச்சுக்குங்க.”

டிரைவர் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கு கசக்கென்று கசக்கினார். “அப்பாடா!” என்று கடையே அதிர ஒரு குரல் விட்டார்.

பூரான் நிமிர்ந்து பார்த்தபோது சென்னியப்பன் அங்கே இல்லை. அவருடைய செருப்பு மட்டும் வாசலில் இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை.

மரகதம் இந்தமுறை சாதாரணச் சேலையில் வந்தாள். பட்டு கட்டி ஒருதரம் ஏமாந்தது போதும் என்று சொல்லிவிட்டாள். நாத்தனார்கள் வரவில்லை.

காலை பத்து மணிக்கு முதல் ஆட்டம். ரியாஸ் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். யார் செட்டிங்ஸைத் திறந்தாலும் ஒரு கோடு போடுவதாக ஏற்பாடு.

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். சென்னியப்பன் ஆட்டக்காரர்களின் கட்டைவிரலைப் பார்த்தார்.

முதல் ஆட்டம். விரல் செட்டிங்ஸ் பக்கம் போகவில்லை.

இரண்டாவது. போகவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் செட்டிங்ஸைத் திறந்தாள். சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். அவள் திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு மூடினாள். ரியாஸ் போட்ட பாதிக் கோட்டை அழித்தார்.

மதியம் மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். நோட்டில் ஒரு கோடும் இல்லை.

ஒரு பக்கம் பூரான். மறுபக்கம் லட்டு. லட்டு என்பது சத்தியமங்கலத்தில் ஒரு பல் டாக்டர். ஆடுவதற்கு ஏன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார் என்று அவரிடம் பல்லைக் காட்டியவர்கள் யாரும் கேட்டதில்லை.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு விதி உண்டு. தொடங்கும் முன் இரண்டு பேரையும் கேட்டாக வேண்டும். ரியாஸ் கேட்டார்.

“பாட்டு இருக்கட்டுமா, அணைச்சுறலாமா?”

லட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“பாட்டா? காலையிலிருந்து பாட்டு ஓடிட்டா இருந்துச்சு?”

கூட்டம் சிரித்தது. மரகதத்துக்கு முகம் வாடிவிட்டது. பக்கத்தில் பார்த்தால் அவள் புருஷனும் சிரித்துக்கொண்டிருந்தார். நன்றாக ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“உங்களைத்தான் சொல்றாங்க. நீங்க பாட்டுக்குச் சிரிக்கறீங்க.”

“இரு மரகதம். இன்னும் முடியல.”

ரியாஸ் பூரானைப் பார்த்தார்.

“இருக்கட்டும்” என்றாள் அவள்.

களம் திறந்தது. இறுதி ஆட்டத்துக்கு மட்டுமான களம் அது, கோயில் தேர் நிற்கிற தேர்முட்டி. காலையிலிருந்து யாரும் அதைப் பார்க்கவில்லை.

முதல் ரவுண்டு லட்டுக்கு. இரண்டாவது பூரானுக்கு.

மூன்றாவது ரவுண்டில் யாரும் மூச்சுவிடவில்லை. லட்டுவின் வளையல்காரிக்கு இன்னும் ஓர் அடி தாங்கும் உயிர்தான் மிச்சம். பூரானின் கண்டக்டருக்கும் அதேதான். இரண்டு பேரும் எட்ட நின்று சுற்றினார்கள். அந்த இடத்தில் ஒரு மெட்டு மெல்ல எட்டிப் பார்த்தது. வளையல் லேசாக அசைந்ததும் ஒதுங்கிக்கொண்டது.

வளையல் கலகலத்தது.

பூரான் டிவியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள். சென்னியப்பன் பார்த்தார், நிச்சயமாக மூடித்தான் இருந்தாள்.

சில்லறை குலுங்கியது. பை சுழன்றது. வளையல்காரி தேர்ச்சக்கரத்தில் போய் மோதி விழுந்தாள்.

முடிந்தது.

சுருதி நின்றது. தாளம் நின்றது. அரைக்கால் நொடிக்கு அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

தொம்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. லட்டுவின் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது. பதினைந்து ஆட்டக்காரர்கள் இருந்த இடத்தில் துள்ளினார்கள். ரியாஸ் நோட்டைக் கீழே போட்டார்.

பூரான் ஜெயித்திருந்தாள். அவளை அடிக்க அங்கே யாருமில்லை. ஆனாலும் நாற்காலியில் படக்கென்று குனிந்தாள்.

“எங்க பீரோ!” என்று மரகதம் எழுந்து நின்று கத்தினாள். “ஏனுங்க, அது எங்க பீரோவுல அடிச்சதுங்க!”

அப்புறம் அந்த மாடியில் எழுந்த கைத்தட்டலும் சிரிப்பும் கீழே சாலைவரைக்கும் கேட்டதாம். டீக்கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாராம்.

பூரான் மெதுவாக நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. திரும்பி, கடைசி வரிசையில் வெறுங்காலோடு நின்ற ஆளைத் தேடினாள்.

“அண்ணா, அதை இன்னொரு தடவை போடுங்க.”

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டார்.

“அது அந்தக் களத்துல ஜெயிச்சாத்தானுங்க வரும், குருவே.”

பூரான் அவரைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள்.

கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்தாள்.

“டாக்டர், எந்திரிக்காதீங்க. உக்காருங்க.”